கல்வெட்டு என்றால் எந்தக் கல்வெட்டு?

"எமது பிரதேசத்தின் வரலாறு பற்றி ஒரு ஒப்படை செய்து வாருங்கள்" என்று வகுப்பில் சொல்லியாகிவிட்டது. திருகோணமலைப் பிள்ளைக்கு எதைப் பற்றி எழுதுவது என்ற யோசனையே தேவையில்லை. சுவாமிமலையும் கோணேசர் கோயிலும் கண்ணெதிரே இருக்கின்றன. பிள்ளை கைபேசியை எடுத்துக் கோயில் பெயரைத் தட்டுகிறது. முதலில் வந்த பக்கத்தில் "கோணேசர் கல்வெட்டு" என்று ஒரு பெயர். ஞாயிற்றுக்கிழமை தகப்பனின் மோட்டார் சைக்கிளில் ஏறி பிரட்ரிக் கோட்டைக்குப் போகிறது. கோட்டை வாசலில் சிதைந்த தமிழ் எழுத்துகளோடு ஒரு கல் இருக்கிறது. பக்கத்தில் இரட்டைக் கயல் உருவமும் இருக்கிறது. படம் பிடித்து, அச்செடுத்து, ஒட்டி, கீழே "கோணேசர் கல்வெட்டு" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆசிரியரும் சரி போட்டுவிடுகிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் நடக்கக்கூடாத காட்சி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கோட்டை வாசலில் இருப்பது ஒரு கல்வெட்டு. கோணேசர் கல்வெட்டு வேறு. அது கல்லில் வெட்டப்பட்டதே இல்லை; ஏட்டில் எழுதப்பட்ட நூல். கவிராசவரோதயர் பெயரில் வழங்கும் அந்த நூலில் பாட்டும் உண்டு, உரைநடையும் உண்டு. குளக்கோட்டு மன்னன் கோயில் கட்டியதும், குளம் கட்டியதும், தொழும்பு செய்யக் குடிகளைக் கொண்டுவந்து குடியேற்றியதும், தானத்தார் என்ன செய்யவேண்டும், வரிப்பத்தார் என்ன செய்யவேண்டும் என்ற ஒழுங்கும் அதில் இருக்கின்றன. ஒரு வகையில் பார்த்தால் கோயிலின் வேலைப் பதிவேடு. மாறாமல் நிற்கவேண்டிய ஒழுங்கு என்பதால் அதற்குக் கல்வெட்டு என்ற பெயர் பொருந்தியது. பண்டிதர் இ. வடிவேல் பதிப்பித்த பிரதியை இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம் 1993இல் வெளியிட்டது.

இதோடு முடியவில்லை. ஈழத்தில் செத்த வீட்டு முப்பத்தோராம் நாளில் கையில் தரப்படும் சின்னப் புத்தகத்துக்கும் கல்வெட்டு என்றுதான் பெயர். இறந்தவரின் படம், வம்சாவழி, தேவாரம், நன்றி நவிலல் எல்லாம் அதில் இருக்கும். இப்போது "நினைவு மலர்" என்று அட்டையில் போட்டாலும், வீட்டுக் கிழவிகள் "கல்வெட்டு அடிச்சாச்சோ?" என்றுதான் கேட்பார்கள்.

ஆக ஒரே சொல்லுக்கு மூன்று பொருள். மூன்றும் திருகோணமலை வரலாற்றுக்கு ஆதாரங்கள். எதை எங்கே தேடுவது, எதை எவ்வளவு நம்புவது என்பதைத் தேடுபொறி சொல்லித்தராது. அதைச் சொல்லித்தரவேண்டியவர் ஆசிரியர். அந்த ஆசிரியருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேட்டால் கதை நீளமானது. அது இந்த ஊரிலிருந்து கப்பலேறிப் போன ஒரு நூலகரிடத்தில் தொடங்குகிறது.

தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1865இல் பிறந்தவர். பெயருக்கு முன்னால் உள்ள "தி" திருகோணமலை, "த" தகப்பனார் தம்பிமுத்துப்பிள்ளை. அவருக்கு இரண்டு வயது மூத்தவர் கனகசுந்தரம்பிள்ளை. இருவரும் படிப்புக்காகச் சென்னைக்குப் போனார்கள். அண்ணன் தமிழ் நூல்களைப் பதிப்பிக்கும் வேலையில் இறங்கினார். தம்பி சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, அங்கேயே இருந்த கீழைத்தேயச் சுவடி நூலகத்தில் நூலகரானார்.

அந்த நூலகம் சாதாரணமான இடமில்லை. கேணல் கொலின் மெக்கன்சி தென்னிந்தியா முழுக்க ஆட்களை அனுப்பித் திரட்டிய ஊர் வரலாறுகள், கைபீதுகள், ஏட்டுச் சுவடிகளின் பெரும் பகுதி அங்கேதான் வந்து சேர்ந்திருந்தது. இந்த ஊர்ப் பாளையக்காரர் கதை, அந்த ஊர்க் கோயில் கதை என்று கட்டுக் கட்டாகக் குவிந்து கிடந்தவை. நூலகர் என்றால் அந்தக் குவியலில் ஒன்றைக் கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்கத் தெரிந்தவர்.

சரவணமுத்துப்பிள்ளை எடுத்துக் கொடுத்ததோடு நிற்கவில்லை. 1892இல் பெண்களின் நிலையைப் பேசும் "தத்தை விடு தூது" வந்தது. 1895இல் "மோகனாங்கி" வந்தது. நாயக்கர் காலத்துத் தஞ்சாவூரையும் திருச்சிராப்பள்ளியையும் களமாகக் கொண்ட கதை. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. வரலாற்று நாவலை ஒரு சுவடி நூலகர் எழுதியது தற்செயல் என்று கொள்ள மனம் வரவில்லை. பகலெல்லாம் கட்டுகளை அவிழ்த்துக் கட்டியவருக்கு இரவில் அந்த ஆட்கள் நடமாடத் தொடங்கியிருப்பார்கள். 1902இல், நாற்பதை எட்டுமுன்னே அவர் இறந்துபோனார்.

அதே மாநிலக் கல்லூரியில் கால் நூற்றாண்டு கழித்து ஒரு கணித ஆசிரியர் இருந்தார். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் போனார்; 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினார். வாசகனின் நேரத்தை வீணாக்காதே என்பது அவற்றில் ஒன்று. உலகமெல்லாம் இன்றைக்கும் நூலக மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். நூலகத்துறையில் தமிழர் பெருமை பேசும்போது ரங்கநாதனைச் சொல்வார்கள்; அதே கட்டடங்களில் முன்னமே நடந்த திருகோணமலைக்காரரைச் சொல்வதில்லை.

ஊரில் இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. வே. அகிலேசபிள்ளை (1853-1910) ஏடுகளைத் தேடிப் படித்து, கோயிலின் கதையைத் "திருக்கோணாசல வைபவம்" என்று வசன நடையில் எழுதினார். தட்சிண கைலாச புராணம், கோணேசர் கல்வெட்டு போன்றவை பண்டிதர்களுக்கு மட்டுமே திறக்கும் கதவுகள். வசனத்தில் எழுதினால்தான் பள்ளிக்கூடப் பிள்ளை வாசிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஏட்டில் இருந்ததை இப்படி ஊரவர்கள் காப்பாற்றினார்கள். கல்லில் இருந்ததை வாசிக்க வேறு பயிற்சி வேண்டியிருந்தது. திருகோணமலை மாவட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. பெரியகுளத்தில் தமிழர் நாதனார் கோயில் என்றும் சிங்களவர் வெல்கம் விகாரை என்றும் சொல்லும் இடத்தில், சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் ஒரு பௌத்தப் பள்ளிக்குக் கொடுத்த தானங்களைச் சொல்கின்றன. அந்தப் பள்ளிக்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். நிலாவெளிக் கல்வெட்டு கோணமாமலைச் சிவன் கோயிலுக்கு நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. மானாங்கேணிக் கல்வெட்டில் சோழ இலங்கேஸ்வர தேவர் என்ற பெயர் வருகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்த செ. குணசிங்கம் 1970களில் இவற்றைப் படித்து, திருகோணமலைக் கல்வெட்டுத் தொடர் என்று ஆங்கிலத்தில் சிறு சிறு நூல்களாக வெளியிட்டார். "கோணேஸ்வரம்" என்ற தமிழ் நூல் 1973இல் வந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வரலாற்றுத் துறையில் இன்னொரு குணசிங்கமும் உண்டு: முருகர் குணசிங்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்து பின் அவுஸ்திரேலியாவுக்குப் போனவர். இலங்கைத் தமிழர் வரலாற்றுக்கான மூல ஆவணங்கள் உலகத்தில் எந்தெந்த நாட்டு நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் கிடக்கின்றன என்று தேடிப் போய், 2005இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய வழிகாட்டி நூல் வெளியிட்டார். ஒரு மாணவன் "குணசிங்கம், திருகோணமலை" என்று தேடினால் இருவரும் கலந்து வருவார்கள். முதலெழுத்தைப் பார்த்துப் பிரிக்கத் தெரியாவிட்டால், கல்வெட்டுப் படித்தவர் காப்பகம் தேடியவராகவும், காப்பகம் தேடியவர் கல்வெட்டுப் படித்தவராகவும் ஒப்படையில் மாறிப்போவார்கள். பட்டியல் தயாரிக்கும் நூலகர்கள் முதலெழுத்துக்கும் பிறந்த ஆண்டுக்கும் ஏன் அவ்வளவு அடம்பிடிக்கிறார்கள் என்பதை வகுப்பில் விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முருகர் குணசிங்கம் உலகம் சுற்றவேண்டி வந்ததற்குக் காரணம் துறைமுகம். இயற்கை கொடுத்த அந்த ஆழமான குடாவுக்காக வராதவர் யார்? போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782 என்ற ஒரே ஆண்டில் ஜனவரியில் ஆங்கிலேயரும் ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரரும் கோட்டையைக் கைப்பற்றினார்கள். 1795இல் ஆங்கிலேயர் மறுபடி வந்தார்கள். பிரித்தானியக் கடற்படை 1957 வரை நின்றது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் குண்டு வீசித் தாக்கின. வந்தவர் எல்லோரும் கணக்கு எழுதினார்கள், கடிதம் எழுதினார்கள், வரைபடம் போட்டார்கள். போகும்போது தாளையும் கொண்டு போனார்கள். அதனால் திருகோணமலையின் பழைய கதை லிஸ்பனிலும், ஹேக்கிலும், லண்டனிலும், கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் சிதறிக் கிடக்கிறது. ஊரில் கிடைப்பது குறைவு.

மூதூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை ஒன்று. 1659 நவம்பரில் புயலில் பாய்மரம் உடைந்த "ஆன்" என்ற ஆங்கிலக் கப்பல், திருத்த வேலைக்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்பல் தலைவர் ரொபர்ட் நொக்ஸ், அதே பெயருள்ள மகன், கூட வந்தவர்கள் என்று பலரையும் கண்டி அரசனின் ஆட்கள் 1660இல் பிடித்துக்கொண்டு போனார்கள். மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பத்தொன்பது ஆண்டு கழித்துத் தப்பி, 1681இல் லண்டனில் புத்தகம் போட்டான். அந்தப் புத்தகம் இப்போது குட்டன்பேர்க் திட்டத்தின் இணையத்தளத்தில் காசில்லாமல் முழுதாகக் கிடைக்கிறது. மூதூரில் இருந்துகொண்டே, மூதூரில் பிடிபட்டவன் எழுதியதை அவன் சொல்லாலேயே வாசிக்கலாம். ஆனால் மூதூர் என்று தேடினால் நொக்ஸ் கிடைக்கமாட்டான். அவனுக்கு அந்த இடம் கொட்டியாரம். அதையும் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறான்.

தாள் போனது வெளிநாட்டுக்கு மட்டுமில்லை. 1981 மே 31 இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் போயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. அதன் பிறகு யுத்தம். திருகோணமலை மாவட்டத்தில் எத்தனை தடவை எத்தனை பேர் இடம்பெயர்ந்தார்கள் என்பதை மூதூர், சம்பூர், கிண்ணியா, தென்னமரவடி மக்களிடம் கேட்கவேண்டும். ஓடும்போது பிறப்புச் சாட்சிப்பத்திரத்தையும் காணி உறுதியையும்தான் எடுப்பார்கள். பாடசாலைப் பொன்விழா மலரை யார் எடுப்பார்? 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தது. மிச்சமிருந்த அலுமாரிகளில் சிலவற்றை அது கொண்டுபோனது.

சரியாக அதற்குப் பிறகு மூன்றாம் கிழமை, 2005 தைப்பொங்கலோடு, நூலகத் திட்டம் என்ற இணைய நூலகம் தொடங்கியது. தி. கோபிநாத், மு. மயூரன் என்ற இளைஞர்கள் முன்னின்றார்கள். ஏழாண்டுகளுக்கு முன், 1998 பொங்கலில், சுவிற்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் அவர்களுக்கு முன்மாதிரி. மதுரைத் திட்டம் இலக்கியங்களைத் தட்டெழுதி ஏற்றியது. நூலகம் ஈழத்து நூல்களுக்கென்று தனி வாசல் திறந்தது. தட்டெழுதிக் கட்டாது என்று தெரிந்ததும் பக்கங்களை ஸ்கேன் செய்து ஏற்றத் தொடங்கினார்கள். இன்று அதில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன.

நூலகத்துக்கு முன்னால் அச்சில் ஒரு முயற்சி நடந்ததையும் சொல்லவேண்டும். பிரித்தானியாவுக்குப் புலம்பெயர்ந்த நூலகர் என். செல்வராஜா 2002இல் "நூல்தேட்டம்" முதல் தொகுதியை வெளியிட்டார். ஒரு தொகுதிக்கு ஆயிரம் ஈழத்துத் தமிழ் நூல்கள்; ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர், அச்சகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை, இரண்டு மூன்று வரியில் உள்ளே என்ன இருக்கிறது என்ற குறிப்பு. தொகுதிகள் பிறகும் வந்துகொண்டிருந்தன. தனி மனிதர் ஒருவர் கையால் செய்த தரவுத்தளம் அது. அச்சில் வந்தது என்பதுதான் வித்தியாசம்.

நூலகம் இணையத்தளத்தில் ஒரு பக்கத்தைக் கிட்ட இருந்து பார்ப்போம். மேலே நூலின் பெயர். அடுத்து ஒரு பெட்டி: நூலக எண், ஆசிரியர், வகை, மொழி, பதிப்பகம், பதிப்பித்த ஆண்டு, பக்கங்கள். அதன் கீழே "வாசிக்க" என்று ஒரு தலைப்பு. அதிலுள்ள இணைப்பை அழுத்தினால் ஸ்கேன் செய்த கோப்பு இறங்கும். அதற்கும் கீழே "உள்ளடக்கம்". கட்டுரைத் தலைப்புகள் வரிசையாகத் தட்டெழுதப்பட்டிருக்கும்.

அந்த உள்ளடக்கப் பகுதியில்தான் ஆசிரியர்கள் கவனிக்கவேண்டிய சூட்சுமம் இருக்கிறது. ஸ்கேன் செய்த பக்கம் கணினிக்குப் படம் மாதிரி. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடல் பெட்டியால் பெரும்பாலும் வாசிக்க முடியாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து தட்டெழுதிய அந்தத் தலைப்புகளைத்தான் அது பிடிக்கும். ஒரு பாடசாலை மலரின் 84ஆம் பக்கத்தில் தம்பலகாமத்து வயல்களைப் பற்றி அருமையான கட்டுரை இருக்கலாம். தலைப்பு "பசுமை நினைவுகள்" என்றிருந்தால், தம்பலகாமம் என்று தேடும் பிள்ளைக்கு அது அகப்படாது. ஆகவே மலர் மலராகத் திறந்து பார்க்கும் பொறுமை வேண்டும். "தேடினேன், இல்லை" என்று சொல்லும் பிள்ளையிடம் "என்ன சொல் போட்டுத் தேடினாய்?" என்று கேட்கத் தெரிந்த ஆசிரியர் வேண்டும்.

சொல் என்றதும் ஊர்ப் பெயருக்கே வந்துவிடுவோம். திருகோணமலையா, திருக்கோணமலையா? பஸ் பலகையிலும் அரசாங்கக் கடிதத்திலும் ஒற்று இல்லை. பழைய பண்டிதர்களும் இன்றைய சில எழுத்தாளர்களும் ஒற்றுப் போட்டே எழுதுவார்கள். சம்பந்தர் பாடியது கோணமாமலை. பாளி நூல்களில் கோகண்ண. ஊரில் கதைக்கும்போது வெறும் "திருமலை". ஆனால் திருமலை என்று மட்டும் போட்டுத் தேடினால் திருப்பதிக்கு அல்லவா பஸ் பிடிக்கும்! ஒல்லாந்த ஆவணங்களில் ட்ரிங்கொனமாலே என்கிற மாதிரி ஒரு கூட்டெழுத்து, பிரெஞ்சுக்காரர் வரைபடத்தில் வேறொன்று, ஆங்கிலேயருடையது இன்னொன்று. ஒற்று ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கணினிக்கு அது வேறு ஊர். இதோடு பாமினி எழுத்துருவும் சேர்ந்துகொள்ளும். யுனிகோட் பரவுமுன் இலங்கையில் தமிழ் தட்டெழுதியவர்களில் பெரும்பாலானோர் பாமினியில்தான் தட்டினார்கள். அந்தக் கோப்புகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே கணினிக்கு ஆங்கில எழுத்துகளின் குப்பைதான். தமிழில் தேடினால் ஒருபோதும் அகப்படாது.

பாடசாலைகளின் பக்கம் என்ன நடந்தது? 1990களின் இறுதியில் உலக வங்கிக் கடனில் நடந்த இரண்டாம் பொதுக் கல்விக் கருத்திட்டத்தில் நாடெங்கும் பாடசாலைகளுக்கு நூலகங்கள் கட்டிக் கொடுத்தார்கள். அவற்றை நடத்த ஆள் வேண்டுமே என்று, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம் 1999இல் ஏற்படுத்தப்பட்டது. ஆசிரியரே நூலகராகவும் இருக்கும் "ஆசிரிய நூலகர்" என்ற பதவிக்குப் படிப்பு வந்தது. நல்ல யோசனை. ஆனால் எந்தப் பாடசாலையிலும் கணித ஆசிரியர் லீவு போட்டால் முதலில் இழுபடுவது நூலக ஆசிரியர்தான். நூலகப் பாடவேளையில் பதிலீட்டு வகுப்பு நடக்கும். நூலகம் பூட்டிக் கிடக்கும்.

திறந்திருக்கும் நூலகத்திலும் நிலைமை எப்படி? டூயி தசாம்சப் பகுப்பில் இலங்கை வரலாற்றுக்கு 954.93. அந்தத் தட்டில் பரீட்சைக்கு உதவும் நூல்கள் இருக்கும். கோணேஸ்வரம் பற்றி ஒன்றிரண்டு இருந்தால் அதிர்ஷ்டம். மீதிக்கு இணையத்துக்குத்தான் போகவேண்டும். கணினி அறை கொடுத்தார்கள், டப் கொடுத்தார்கள், கல்வி அமைச்சு ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்களை ஏற்றியது. தேடுவது எப்படி என்பதை மட்டும் பாடமாக யாரும் கொடுக்கவில்லை. பிள்ளைகள் இந்தக் காலத்தில் கைபேசியில் கெட்டிக்காரர்கள், அவர்களுக்குத் தெரியும் என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கைபேசியில் பாட்டுத் தேடுவதும் 1786ஆம் ஆண்டு நாட்குறிப்பைத் தேடுவதும் ஒன்றா?

அந்த 1786 நாட்குறிப்பு உண்மையில் இருக்கிறது. திருகோணமலையில் ஒல்லாந்தத் தலைவராக இருந்த வான் சென்டன் அந்த ஆண்டு கொட்டியாரப்பற்று, தம்பலகாமம், கட்டுக்குளப்பற்றுப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்து எழுதியது. குளம், வயல், சனத்தொகை, காடு, கோயில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதியிருக்கிறார். கிண்ணியாவிலோ தம்பலகாமத்திலோ தோப்பூரிலோ படிக்கும் ஒரு பிள்ளைக்கு, தன் ஊரை இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னால் ஒருவர் எப்படிக் கண்டார் என்று வாசிக்கக் கிடைத்தால், வரலாற்றுப் பாடம் அன்றைக்கு வேறு மாதிரி இருக்கும்.

ஒல்லாந்திலோ இப்போது அடுத்த கட்டம். குளோபலைஸ் என்ற திட்டத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கையெழுத்து ஆவணங்களில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பக்கங்களைக் கணினியைக் கொண்டு வாசிக்கவைத்து, தேடக்கூடிய எழுத்தாக்கியிருக்கிறார்கள். காப்பகத்துக்குப் போய், பழைய ஒல்லாந்தக் கையெழுத்து பழகி, வருடக்கணக்கில் புரட்டினால்தான் முடியும் என்றிருந்த வேலை. இப்போது ஊர்ப் பெயரை அவர்கள் எழுதிய மாதிரி எழுதத் தெரிந்தால், அந்தப் பெயர் வரும் பக்கங்கள் திரையில் வரும். மொழி ஒல்லாந்தம்தான், மொழிபெயர்ப்புக் கருவி தடவித் தடவி வழி காட்டும். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தின் மாணவர்களுக்கு இதில் எத்தனை ஆய்வுத் தலைப்புகள் கிடக்கின்றன! ஜேஸ்டோர் போன்ற ஆய்விதழ்த் தளங்களிலும் பல்கலைக்கழகம் இல்லாமலே தனியாள் கணக்குத் திறந்து கட்டுரைகளை வாசிக்கலாம் என்பதும் பாடசாலை ஆசிரியர்கள் பலருக்குப் போய்ச் சேராத செய்தி.

கிடைத்ததை என்ன செய்வது என்பது அடுத்த வேலை. கோயில் இடிக்கப்பட்ட ஆண்டையே எடுத்துக்கொள்ளலாம். இடித்தவர் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்டைன் டி சா என்பதில் சச்சரவில்லை. ஆண்டு 1622 என்று சில நூல்கள் சொல்கின்றன, 1624 என்று சில நூல்கள் சொல்கின்றன. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை "எது சரி, சேர்?" என்று கேட்கும். "புத்தகத்தில் உள்ளதை எழுது" என்று வாயை அடைத்துவிடலாம். அல்லது இந்தக் கேள்வியையே ஒப்படையாகக் கொடுக்கலாம். 1622 என்று சொல்லும் நூல்களை ஒரு பக்கமும் 1624 என்று சொல்லும் நூல்களை மறுபக்கமும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் எந்த ஆண்டு அச்சானது, யாரைப் பார்த்து எழுதியது என்று கேளுங்கள். சில கரடுமுரடான போர்த்துக்கேயப் பெயர்கள் வரும். குவைரோஸ் பாதிரியார் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கோவாவில் எழுதியதும், எஸ். ஜி. பெரேரா அதை ஆங்கிலத்தில் ஆக்கி 1930இல் கொழும்பில் வெளிவந்ததும் தெரியவரும். கோயில் கல்லில் கோட்டை எழுந்த காலத்தையும் கோயில் விழுந்த காலத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியவர்கள் யார் என்றும் பிள்ளைகள் ஊகிக்கத் தொடங்குவார்கள். முடிவு கிடைக்காமல் போகலாம். அதனால் நட்டமில்லை.

இன்னும் கிட்டிய காலத்துக்கு வந்தால் தேடல் இன்னும் சுவாரசியமாகும். 1950இல் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து கோயிலின் பழைய விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலையடிக் கடலில் முக்குளித்து, விழுந்து கிடந்த கோயில் தூண்களைக் கண்டார்கள். புதிய கோயிலுக்கு 1963 மார்ச் 3இல் குடமுழுக்கு நடந்தது. இவற்றுக்குச் சாட்சி சொல்லக்கூடிய தமிழ்ப் பத்திரிகைகள் எவை, கும்பாபிஷேக மலர் எங்கே கிடைக்கும், கிளார்க் எழுதிய நூலின் பெயர் என்ன? ஒரு வகுப்பை நாலு குழுவாகப் பிரித்தால் ஒரு மாதத்துக்குக் காணும். இவற்றை நேரில் கண்ட பெரியவர்கள் சிலர் இன்னும் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு எழுதினால் அதுவும் ஆவணம்தான்.

அங்கேதான் அந்த மூன்றாம் வகைக் கல்வெட்டு உதவிக்கு வருகிறது. நூலகத்தில் நினைவு மலர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. வெளியார் பார்த்தால் செத்த வீட்டுப் புத்தகத்தில் என்ன வரலாறு என்று சிரிக்கலாம். இறந்தவர் துறைமுகத்தில் என்ன வேலை பார்த்தார், கடற்படைத் தளத்துக்கு எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார், எந்தக் கோயிலுக்கு என்ன தொண்டு செய்தார், பிள்ளைகள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போனது எப்போது என்றெல்லாம் அதில் இருக்கும். அரசாங்கப் புள்ளிவிவரம் எண்ணிக்கையைத் தரும். வம்சாவழியோடு ஒரு குடும்பத்தின் கதையைத் தருவது இந்தச் சின்னப் புத்தகம்தான். துதிபாடலைக் கழித்துவிட்டு வாசிக்கப் பழக்கவேண்டும், அவ்வளவே.

வலயக் கல்வி அலுவலகங்கள் ஆண்டு தோறும் ஆசிரியர்களுக்குச் செயலமர்வு நடத்துகின்றன. அதில் அரை நாளை இதற்கு ஒதுக்கலாம். விரிவுரை வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். ஆளுக்கொரு கணினி, தன் ஊர்ப் பெயர், நான்கு எழுத்துக்கூட்டுகள், இரண்டு மணித்தியாலம். வரலாற்று ஆசிரியர்களோடு தமிழ் ஆசிரியர்களையும் நூலகப் பொறுப்பாசிரியர்களையும் கூப்பிடலாம்.

அதுவரை காத்திருக்க விரும்பாத ஆசிரியர்கள் அடுத்த ஒப்படையைக் கொடுக்குமுன் அதைத் தாமே ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்: ஒற்றில்லாமல் "திருகோணமலை" என்று ஒரு தடவை, ஒற்றோடு "திருக்கோணமலை" என்று ஒரு தடவை. வீட்டு அலுமாரியில் பழைய பாடசாலை மலரோ முப்பத்தோராம் நாள் கல்வெட்டோ இருந்தால், கறையான் முந்திக்கொள்ளுமுன் அதையும் ஸ்கேன் செய்யக் கொடுத்துவிடுங்கள்.